வெறும் வைட்டமின்தான்

எங்கள் வீட்டில் என் வியாதிக்கு வைட்டமின் என்று பெயர் வைத்திருந்தார்கள். அதன் உண்மையான பெயர் வலிப்பு. அந்தச் சொல்லை அம்மாவின் வாயிலிருந்து நான் கேட்டதே இல்லை. "அது" என்பார். "அது வந்து ரொம்ப நாளாச்சு, ஸ்தோத்திரம்" என்பார். சேலையூரில் எங்கள் காலனியில் ஒருவர் வீட்டுக் குழம்பு வாசனை இன்னொருவர் வீட்டுக்குள் போகாமல் இருக்காது. அப்படிப்பட்ட இடத்தில் ஒரு வியாதியை இத்தனை வருடம் ஒளித்துவைத்தது அம்மாவின் சாமர்த்தியம்தான். அந்தச் சாமர்த்தியத்தை நினைத்தால் இப்போதும் எனக்கு வயிறு எரிகிறது.

பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சைக்கு விடுமுறை விட்டிருந்தபோது, புத்தகமும் கையுமாக இருந்தவள் அப்படியே தரையில் விழுந்தேன். கண் விழித்தபோது நாக்கு கடிபட்டு வாயெல்லாம் ரத்தம். அம்மா கதவையும் ஜன்னலையும் சாத்திவிட்டு, தலைமாட்டில் மண்டியிட்டு ஜெபம் செய்துகொண்டிருந்தார். நான் வீட்டில் விழுந்தது கிருபை, பள்ளிக்கூடத்தில் விழுந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று பிறகு பலமுறை சொன்னார். என்ன ஆகியிருக்கும் என்று நான் கேட்டதில்லை. அப்பா இல்லாத வீட்டில், ஒற்றைப் பெண்ணை வைத்திருக்கும் ஆசிரியைக்கு என்ன ஆகியிருக்கும் என்பது எனக்கும் தெரியும்.

தாம்பரத்தில் இல்லாத நரம்பு டாக்டர்களா? ஆனால் அம்மா என்னை மின்சார ரயிலில் எழும்பூர் வரைக்கும் கூட்டிக்கொண்டு போனார். அங்கே காத்திருக்கும் கூட்டத்தில் நம் சபை ஆட்கள் யாரும் இருக்க மாட்டார்கள் என்பது ஒன்றுதான் அந்த டாக்டரின் தகுதி. ஆனாலும் நல்ல டாக்டராகவே அமைந்துவிட்டார். ஒரே ஒரு மாத்திரை எழுதிக்கொடுத்தார். தினமும் தவறாமல் சாப்பிட வேண்டும், வேறு எந்த மாத்திரை சாப்பிடுவதானாலும் தன்னிடம் கேட்டுவிட்டுத்தான் சாப்பிட வேண்டும் என்று சொன்னார். முதலாவதை நாங்கள் வேதவாக்காக எடுத்துக்கொண்டோம். இரண்டாவது டாக்டர்கள் எல்லோரும் சொல்வதுதானே என்று விட்டுவிட்டோம்.

அந்த மாத்திரை எனக்கு நல்லது செய்தது. அதைச் சொல்லாமல் விட்டால் பாவம். அதன் பிறகு பல வருடம் நான் விழவே இல்லை. கல்லூரி முடித்தேன், பி.எட். முடித்தேன், கேம்ப் ரோட்டில் ஒரு பள்ளியில் சேர்ந்து குழந்தைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தேன். மாத்திரையின் வேலை என்று தெரிந்த ஒரே குறை, ஈறு தடித்துப் போனது. சிரித்தால் பல் சின்னதாகவும் ஈறு பெரியதாகவும் தெரியும். அதனால் வாயை மூடிக்கொண்டு சிரிக்கப் பழகினேன். அடக்கமான பெண் என்று அதற்கும் ஒரு பெயர் கிடைத்தது.

மாத்திரை வாங்க நாங்கள் பல்லாவரத்தில் இறங்குவோம். சேலையூர் மெடிக்கல் ஷாப்காரர் எங்கள் சபை. வாங்கி வந்த அட்டைகளை அம்மா உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பிரிப்பார். மாத்திரைகளை ஒரு பழைய வைட்டமின் டப்பாவில் போடுவார். காலி அட்டைகளைக் கத்தரிக்கோலால் துண்டு துண்டாக வெட்டி, காகிதத்தில் சுற்றி, பள்ளிக்குப் போகும் வழியில் எங்காவது குப்பைத்தொட்டியில் போட்டுவிடுவார். கொலைகாரன்கூட இவ்வளவு சுத்தமாகத் தடயத்தை அழிக்க மாட்டான். யாராவது வீட்டுக்கு வந்து அந்த டப்பாவைப் பார்த்தால், "பாப்பாவுக்கு வெறும் வைட்டமின்தான், உடம்புல சத்தே இல்ல" என்பார். கேட்டுக் கேட்டு எனக்கே சில நாள் அது வைட்டமின் என்றுதான் தோன்றும்.

சிட்லபாக்கத்திலிருந்து சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளைக்கு சோழிங்கநல்லூரில் கம்ப்யூட்டர் வேலை. அவருடைய அம்மா அரசு அலுவலகத்தில் டைப்பிஸ்டாக இருந்து ஓய்வு பெற்றவர், கணவர் இல்லை. ஏரிக்குப் பக்கத்துத் தெருவில் சொந்த வீடு. அம்மாவுக்குத் தலைகால் புரியவில்லை. "சொல்லிடலாமாம்மா?" என்று நான் ஒரு தடவை கேட்டேன். "சொன்னா அவங்க வேணாம்னு சொல்றதோட நிக்காது. ஏன் வேணாம்னு ஊருக்கே சொல்லுவாங்க. அப்புறம் உன்னை யார் கட்டுவா?" என்றார். 

எங்கள் சபையில் கல்யாணத்துக்கு முன்னால் ஞாயிறு ஆராதனையில் ஓலை வாசிப்பார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம், இதற்குத் தடை ஏதும் இருப்பதாக யாருக்காவது தெரிந்தால் தெரிவிக்கலாம் என்று நாங்கள் ஐயர் என்று கூப்பிடும் போதகர் பீடத்தில் நின்று சொல்வார். தொடர்ந்து சில வாரம் சொல்வார். எங்கள் ஓலையை வாசித்த ஒவ்வொரு ஞாயிறும் அம்மா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். கோயில் முழுக்க அமைதி. எங்கேயோ ஒரு குழந்தை இருமியது. ஐயர் அடுத்த அறிவிப்புக்குப் போனதும் அம்மா என் கையை விடுவார்.

எனக்கு வாய்த்த மாமியார் கொடுமைக்காரியாக இருந்திருந்தால் நான் தப்பித்திருப்பேன். கொடுமைக்காரி மருமகளின் ஈற்றைப் பார்க்க மாட்டாள். என் அத்தை பார்த்தார்.

அத்தைக்கு யாரையும் பட்டினி போடத் தெரியாது. அவருக்குச் சர்க்கரை வியாதி, பல வருடமாக மாத்திரை. தனக்குக் கேழ்வரகுத் தோசையைச் சுட்டுக்கொண்டு எனக்கு நெய் ஊற்றி வார்ப்பார். பள்ளியிலிருந்து வந்ததும் செருப்பைக்கூடக் கழற்ற விடாமல் கையில் காபி டம்ளரைத் திணிப்பார். நான் வந்த புதிதில் என் டப்பாவைப் பார்த்து என்ன என்று கேட்டபோது, வெறும் வைட்டமின்தான் அத்தை என்று நானும் சொல்லியிருந்தேன். மாலை குடும்ப ஜெபத்தில் என் பெயரைச் சொல்லி, "இந்தப் பிள்ளையின் உடம்பைத் தேற்றும் ஆண்டவரே" என்பார். பெற்றவள்கூட என் உடம்புக்காக வாய்விட்டு ஜெபம் செய்ததில்லை. அம்மாவின் பயமெல்லாம் 'அது' திரும்பி வந்துவிடக் கூடாது என்பதைப் பற்றித்தான்.

ஒருநாள் காலையில் நான் பல் தேய்த்துவிட்டு வந்த பிறகு வாஷ்பேசினில் ரத்தம் இருந்ததை அத்தை பார்த்துவிட்டார். என்னை வெளிச்சத்தில் நிற்கவைத்து, வாயைத் திறக்கச் சொல்லி, ஈற்றைப் பார்த்தார்.

"என்னம்மா இது, இவ்ளோ வீங்கியிருக்கு? எத்தனை நாளா?"

"சின்ன வயசுலேர்ந்தே இப்படித்தான் அத்தை."

"சத்துக் குறைச்சல்தான் இது. நீ சாப்பிடுற வைட்டமின் ஒண்ணுத்துக்கும் உதவல. வா, நம்ம டாக்டர்கிட்ட போலாம்."

சிட்லபாக்கத்தில் அவருக்குத் தெரிந்த டாக்டர். வயதானவர், அவசரப்படாமல் பார்ப்பவர். கண்ணிமையை இழுத்துப் பார்த்து ரத்தம் குறைவு என்றார். நாக்கைப் பார்த்தார். பிறகு பேனாவை எடுத்துக்கொண்டு, "வேற ஏதாவது மாத்திரை சாப்பிடுறியாம்மா?" என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் அத்தை, "வைட்டமின் மட்டும்தான் டாக்டர். அதுவும் சரியில்ல" என்றார். டாக்டர் என்னைப் பார்த்தார். ஆமாம் என்று நான் தலையை ஆட்டினேன். அவர் மேல் எந்தத் தப்பும் இல்லை. கேட்க வேண்டியதைக் கேட்டார், சொல்லப்பட்டதை நம்பினார். ஃபோலிக் ஆசிட் ஒன்று, பி6, பி12 அதிக அளவில் சேர்ந்த நரம்புச் சத்து மாத்திரை ஒன்று என்று எழுதினார். அத்தையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே, "நாளைக்கு ஒரு குழந்தை உண்டானா, அதுக்கும் நல்லது" என்றார். திரும்பி வரும் வழியெல்லாம் அத்தையின் முகத்தில் அந்தச் சிரிப்பு இருந்தது.

அன்றே அம்மாவுக்கு போன் செய்தேன். "அவங்க வேற மாத்திரை வாங்கிக் குடுக்குறாங்கம்மா. எழும்பூர் டாக்டர்கிட்ட கேக்கணும்."

"என்ன மாத்திரை?"

"பி வைட்டமின்."

அம்மா சிரித்தேவிட்டார். "நிஜ வைட்டமினா? சாப்பிடு. அதுல என்ன இருக்கு, அதிகமானா தன்னால வெளிய போயிடும். நீ வேணாம்னு சொன்னாதான் ஏன் எதுக்குன்னு கேள்வி வரும்."

அதுவும் நியாயமாகத்தான் பட்டது. தினமும் வைட்டமின் சாப்பிடுகிறவள், வைட்டமின் வேண்டாம் என்று எந்த வாயால் சொல்வாள்? எழும்பூருக்குப் போக வேண்டுமானால் ஒரு பொய் சொல்ல வேண்டும், அந்தப் பொய்க்கு அம்மா ஒத்து ஊத வேண்டும். தள்ளிப் போட்டோம். காலைச் சாப்பாடு முடிந்ததும் அத்தை இரண்டு மாத்திரைகளையும் பிரித்து என் உள்ளங்கையில் வைப்பார். நான் விழுங்கும் வரை நிற்பார். நான் மறந்துவிடுவேன் என்று தானே எடுத்துக் கொடுப்பார். ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு, அம்மா நிரப்பித் தரும் என் டப்பாவிலிருந்து நானாக ஒன்று எடுத்துப் போட்டுக்கொள்வேன். காலையில் போட்டதும் ராத்திரியில் போட்டதும் என் ரத்தத்துக்குள் என்ன செய்துகொண்டிருந்தன என்று அந்த வீட்டில் யாருக்கும் தெரியாது.

சில வாரங்களில் எனக்குள் ஏதோ சரியில்லை என்று தெரிந்தது. போர்டில் எழுதிக்கொண்டிருக்கும்போது கை ஒரு வெட்டு வெட்டும், சாக்பீஸ் தெறித்து விழும். வாயில் இரும்பை நக்கியது போல ஒரு ருசி வந்துவிட்டுப் போகும். பல வருடத்துக்கு முன்னால் நான் முதன்முதலாக விழுவதற்கு முந்தைய நாட்களிலும் அந்த ருசி இருந்தது. பயமாக இருந்தது. அம்மாவிடம் சொன்னேன். உபவாசம் இருந்து ஜெபிப்பதாகச் சொன்னார்.

அது ஒரு சனிக்கிழமை. அத்தைக்குச் சர்க்கரை என்பதால் எங்கள் வீட்டில் குக்கர் கிடையாது, சோறு வடிப்பதுதான் வழக்கம். வாசலில் மீன்காரம்மா உட்கார்ந்து வஞ்சிரத்தை வெட்டிக்கொண்டிருந்தார். கோவளம் பக்கத்திலிருந்து வாரம் தவறாமல் வருபவர். அத்தை எனக்குப் பக்கத்தில் நின்று தேங்காய் துருவிக்கொண்டிருந்தார். நான் கொதிக்கக் கொதிக்க சோற்றுப் பானையை இறக்கி, கஞ்சியை வடிக்கச் சாய்த்தேன். அந்த இரும்பு ருசி வந்தது. அதற்கு மேல் எனக்கு எதுவும் தெரியாது.

அப்புறம் நடந்ததெல்லாம் மற்றவர்கள் சொல்லிக் கேட்டதுதான். பானை என் பக்கமாகச் சரிந்திருக்கிறது. அத்தை பாய்ந்து அதைத் தன் பக்கம் இழுத்திருக்கிறார். கொதிக்கும் கஞ்சி முழுவதும் அவருடைய வலது கையிலும் முன்னங்கையிலும் கொட்டியிருக்கிறது. கை வெந்துபோன நிலையிலும் அவர் என்னைவிட்டு நகராமல், என் தலை தரையில் மோதாமல் மடியில் தாங்கிப் பிடித்துக்கொண்டு கத்தியிருக்கிறார். மீன்காரம்மா செதிலும் ரத்தமுமாக உள்ளே ஓடி வந்தார். "ஐயோ, வலிப்பு வந்துகினு கீதும்மா! கைல இரும்பு குடு, சாவி எங்க கீது, சாவி!" என்று அவர் கத்தியது தெருவுக்கே கேட்டதாம்.

எனக்கு நினைவு தெளிந்தபோது என் கைக்குள் பீரோ சாவிக்கொத்து இருந்தது. எங்கே இருக்கிறேன், யார் இவர்கள் என்று புரிவதற்கு முன்னால் அந்தச் சாவிகள் புரிந்துவிட்டன. நம் ஊரில் யார் கையில் சாவியைக் கொடுப்பார்கள் என்று சின்னக் குழந்தைக்கும் தெரியும். சுற்றிலும் தெருப் பெண்களின் முகங்கள். முடிந்துபோயிற்று என்று நினைத்தேன். நிம்மதியாகக்கூட இருந்தது. வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் அதுதான் நிஜம்.

ஜி.எஸ்.டி. ரோட்டுப் பக்கம் ஒரு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். எனக்கு மறுபடியும் கண் சொருகிக்கொண்டு வந்தது. பேச்சுக் குரல்கள் மட்டும் தண்ணீருக்கு அடியிலிருந்து கேட்பது போலக் கேட்டன. அடுத்த கட்டிலில் அத்தையின் கைக்குக் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தார்கள். என் கணவர் வேலையிலிருந்து வந்துவிட்டார். அம்மாவும் சேலையூரிலிருந்து ஆட்டோவில் வந்துவிட்டார். டியூட்டி டாக்டர், சின்னப் பெண், எல்லோரையும் பார்த்துக் கேட்டாள்.

"இதுக்கு முன்னாடி ஃபிட்ஸ் வந்திருக்கா?"

"இல்ல டாக்டர். எங்க பிள்ளைக்கு அப்படியெல்லாம் கிடையாது" என்றார் அத்தை.

"ஏதாவது மாத்திரை சாப்பிடுறாங்களா?"

"வெறும் வைட்டமின்தான் டாக்டர். நான்தான் என் கையால எடுத்துக் குடுக்குறேன்." கட்டுப் போடாத கையால் கைப்பையைத் திறந்து அந்த அட்டைகளை எடுத்துக் காட்டினார். அவரோடு எப்போதும் அந்த அட்டைகள் இருக்கும்.

அம்மா கட்டிலின் கால்மாட்டில் நின்றுகொண்டிருந்தார். நான் அவரைப் பார்த்தேன். சொல்லிவிடுவார் என்று நினைத்தேன். பெற்ற பெண் மூக்கில் குழாயோடு கிடக்கிறாள், டாக்டர் கேட்கிறாள், இப்போதாவது சொல்லிவிடுவார். அம்மா பைபிளை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு என்னைப் பார்த்துத் தலையை லேசாக, மிக லேசாக, இடமும் வலமும் ஆட்டினார். சொல்லாதே என்று.

வாழ்க்கையில் அந்த ஒரு தலையசைப்பைப் போல என்னை வேறு எதுவும் உடைத்ததில்லை.

நான் சொன்னேன். நாக்கு கடிபட்டிருந்ததால் வார்த்தை குழறியது. டாக்டர் குனிந்து காதைக் கொடுத்துக் கேட்டாள். மாத்திரையின் பெயர், எத்தனை வருடம், எழும்பூர் டாக்டர், எல்லாவற்றையும் சொன்னேன். அத்தை கையில் அந்த அட்டைகளை வைத்துக்கொண்டே, "இல்லம்மா, அது வைட்டமின்தானே?" என்றார். குழந்தையிடம் கேட்பது போலத்தான் கேட்டார்.

மறுநாள் நரம்பு டாக்டர் வந்தார். ரத்தப் பரிசோதனையில் என் வலிப்பு மாத்திரையின் அளவு இருக்க வேண்டியதைவிட ரொம்பக் குறைவாக இருந்தது. அத்தை கொடுத்த அட்டைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஃபோலிக் ஆசிடும் அதிக அளவில் எடுக்கும் பி6-ம் இந்த வலிப்பு மாத்திரையின் அளவை ரத்தத்தில் குறைத்துவிடும் என்று விளக்கினார். இந்த மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு ஈறு தடிப்பது சகஜம், அது சத்துக் குறைவினால் வந்ததில்லை என்றும் சொன்னார். "ஃபோலிக் ஆசிட் குடுக்கக் கூடாதுன்னு இல்ல. எங்ககிட்ட சொல்லியிருந்தா, லெவல் பார்த்து டோஸைச் சரி பண்ணிட்டுக் குடுத்திருப்போம். வைட்டமின்னா ஒண்ணும் பண்ணாதுன்னு எல்லாரும் நினைக்கிறாங்க. அதுவும் மருந்துதான்" என்றார். யாரையும் குறை சொல்லும் குரல் இல்லை அது.

அவர் வெளியே போன பிறகுதான் அம்மா வாயைத் திறந்தார்.

"கேட்டீங்களா சம்பந்தி? மாத்திரை ஆரம்பிச்சு இத்தனை வருஷம் எங்க வீட்ல இருந்தா, ஒரு தடவைகூட விழுந்ததில்ல. உங்க மாத்திரையாலதான் வந்திருக்கு. டாக்டரே சொல்லிட்டாரு."

நான் என் காதை நம்பவில்லை. டாக்டர் சொன்னது உண்மை. அம்மா சொன்னதிலும் பொய்யான ஒரு வார்த்தை இல்லை. வருடக்கணக்காகப் பொய்யையே பிழைப்பாக வைத்திருந்தவர், வாழ்க்கையில் முதன்முதலாக என் வியாதியைப் பற்றி ஒரு உண்மையைச் சொன்னார். அதையும் வெந்த கையோடு உட்கார்ந்திருந்த அந்த மனுஷி மேல் கல்லாக எடுத்து எறிந்தார்.

அத்தை சண்டை போடுவார் என்று காத்திருந்தேன். ஏமாற்றிக் கட்டிவைத்துவிட்டு என்னைக் குறை சொல்கிறாயா என்று கத்தியிருக்கலாம். அந்த வார்டே அவர் பக்கம்தான் பேசியிருக்கும். அவர் எழுந்து அம்மாவுக்கு முன்னால் வந்து நின்று, "எனக்குத் தெரியாமப் போச்சுங்க. மன்னிச்சிடுங்க" என்றார். அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

என் கணவர் பல நாள் என்னோடு பேசவில்லை. பேசியபோது ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "ஓலை வாசிச்சப்ப கோயில்ல உக்காந்து நீ என்ன நினைச்சிட்டிருந்த?" குழந்தை ஒன்று இருமியதுதான் எனக்கு நினைவுக்கு வந்தது. அதையா சொல்ல முடியும்? விட்டுப் போய்விடுவார் என்று நினைத்தேன். போகவில்லை. இரக்கப்பட்டு வைத்திருக்கிறாரா, பிடித்து வைத்திருக்கிறாரா என்று கேட்க எனக்குத் தைரியம் இல்லை.

எனக்கு மாத்திரையை மாற்றினார்கள். அதன் பிறகு விழவில்லை. இப்போது அட்டை சாப்பாட்டு மேஜையிலேயே ஊறுகாய் பாட்டிலுக்குப் பக்கத்தில் கிடக்கிறது, யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். அதனால் ஒரு பிரயோஜனமும் இல்லை. அந்த வீட்டில் எனக்கு ஒரு டம்ளர் தண்ணீர் கொடுப்பதற்குக்கூட அத்தை பயப்பட ஆரம்பித்துவிட்டார். மாதுளம்பழத்தை உரித்து வைத்துவிட்டு, "இது நீ சாப்பிடலாமான்னு டாக்டரைக் கேட்டுக்கோம்மா" என்பார். நெய் ஊற்றுவதை நிறுத்தினார். பிறகு பரிமாறுவதையே நிறுத்தினார். பாத்திரங்களை மேஜையில் வைத்துவிட்டு, "நீயே போட்டுக்கோ" என்று அறைக்குள் போய்விடுவார். பொங்கிப் பொங்கி அழுதேன். "நீங்க என்ன பண்ணீங்க அத்தை, பண்ணது நாங்க" என்று எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்தேன். தழும்பான கையால் என் தலையைத் தடவுவார். கொடுப்பது மட்டும் கிடையாது.

இது நடந்து சில வருடம் ஆகிறது. போன வருடம் ஏரிக்கரையில் நடந்துவிட்டு வந்த அத்தையின் ஒரு காலில் செருப்பு இல்லை. எங்கேயோ கழன்று விழுந்திருக்கிறது, அது தெரியாமலேயே வெறுங்காலோடு வீடு வரைக்கும் நடந்து வந்திருக்கிறார். உள்ளங்காலில் முள் குத்தி ரத்தம். அதுவும் அவருக்குத் தெரியவில்லை. அப்புறம் பார்த்தால், நடக்கும்போது சுவரைப் பிடிக்கிறார். கண்ணை மூடி ஜெபம் செய்ய நின்றால் தள்ளாடுகிறார். பாதி சங்கீதத்தில் அடுத்த வரி தெரியாமல் நிற்கிறார். அலுவலகத்தில் ஒரு எழுத்துப் பிசகாமல் தட்டச்சு செய்தவர், கேஸைப் பற்றவைத்துவிட்டு எதற்குப் பற்றவைத்தோம் என்று கேட்கிறார்.

அதே சிட்லபாக்கம் டாக்டரிடம்தான் கூட்டிக்கொண்டு போனோம். ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். வருடக்கணக்காகச் சாப்பிடும் சர்க்கரை மாத்திரை உடம்பில் பி12 சேராமல் தடுத்துக் குறைத்துவிடும், அத்தைக்கு அடிமட்டத்துக்குப் போய்விட்டது, கால் மரத்ததற்கும் மறதிக்கும் அதில் பெரிய பங்கு இருக்கும் என்றார். ஊசியும் மாத்திரையுமாகக் கொடுத்தால் தேற வழியுண்டு, நாள் கடத்தினால் நரம்பு போனது போனதுதான் என்றார். எனக்கு மூச்சு வந்தது. வைத்தியம் இருக்கும் வியாதி. அதுவும் இவ்வளவு மலிவான வைத்தியம்.

"வைட்டமின்லாம் எனக்கு வேணாம் டாக்டர்" என்றார் அத்தை.

"அது யாரையும் ஒண்ணும் பண்ணாதும்மா."

"பண்ணும் டாக்டர்" என்றார். அவ்வளவுதான். வலது கையைச் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டார்.

என் கணவர் பிடிவாதமாக ஒரு தடவை ஊசி போடவைத்தார். அத்தை ஊசி போட வந்த நர்ஸைத் தள்ளிவிட்டு, சின்னப் பிள்ளை போலச் சுவரோரம் ஒண்டிக்கொண்டு அழுதார். அதைப் பார்த்த பிறகு என் கணவர், "அம்மாவைக் கட்டிப்போட்டா ஊசி போட முடியும்?" என்று விட்டுவிட்டார். டாக்டர் மாத்திரையாவது சாப்பிடட்டும் என்றார். வாங்கி வைத்தோம். அத்தை தொடவில்லை. நானும் என் கணவரும் ஜெபம், கெஞ்சல், கோபம், எல்லாம் செய்து பார்த்தோம்.

ஒருநாள் என் கணவர் சமையலறைக்கு வந்து, குரலைத் தாழ்த்திக்கொண்டு, "சர்க்கரை மாத்திரையோட சேர்த்துப் போட்டுடு. சுகர் மாத்திரைன்னு சொல்லிக் குடு. அவங்களுக்கு இப்ப எங்க தெரியப் போகுது?" என்றார். எனக்கு அவர் மேல் வந்த கோபத்தை எப்படிச் சொல்வது! கையிலிருந்த கரண்டியை வீசிவிட்டேன். "இந்த வேலைக்கு எங்க அம்மாவைக் கூட்டிட்டு வாங்க, நல்லாப் பண்ணுவாங்க" என்று கத்தினேன். அவர் போய்விட்டார். அந்த வீட்டில் இன்னொரு மாத்திரைக்குப் பொய்ப் பெயர் வைக்க நான் செத்தாலும் சம்மதிக்க மாட்டேன்.

அதனால் நேராகவே கேட்டுப் பார்ப்போம் என்று முடிவு செய்தேன். போன வாரம் ஒரு காலையில் அத்தை தெளிவாக இருந்தார். என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார், பள்ளிக்கு நேரமாகவில்லையா என்று கேட்டார். அவர் காலடியில் உட்கார்ந்தேன். மரத்துப்போன அந்தக் கால்களை மடியில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் பிடித்துவிட்டேன். நான் தொடுவது அவருக்குத் தெரிகிறதா என்று தெரியவில்லை. பிறகு அட்டையை அவர் கண்ணெதிரிலேயே பிரித்து, மாத்திரையை அவர் உள்ளங்கையில் வைத்துத் தண்ணீரை நீட்டினேன்.

"என்னம்மா இது?" என்றார்.

"வைட்டமின் அத்தை. நிஜமா வைட்டமின்தான்."

மாத்திரையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். அவர் முகத்தில் கோபமோ குத்தலோ கொஞ்சமும் இல்லை. தெரியாத ஒன்றைத் தெரிந்துகொள்ளக் கேட்பவர் போலத்தான் இருந்தார்.

"அன்னைக்கும் நீ அப்படித்தானம்மா சொன்ன?"

அத்தை மாத்திரையை என் கையில் திருப்பி வைத்துவிட்டு, தண்ணீரை மட்டும் குடித்தார்.